மைனஸ் முப்பத்துமூணு

பொண்ணு நல்ல பொண்ணுதான் அண்ணாச்சி. ஒழுக்கத்துல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், சொன்னா என் நாக்கு அழுகிரும். குத்தம் வேற எடத்துல இருக்கு. மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அது அந்தப் பொண்ணு, உலகம்மா, உக்காந்து வேலை பாத்த சேரு. இந்தா, இதுல உக்காருங்க.

பகவதி, ரெண்டு காப்பி!

வீட்டுக்காரி. நீங்க தெருவுல வரும்போதே ஜன்னல் வழியா யாருன்னு பாத்திருப்பா. இந்த வீட்டுல எங்க ரெண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

பாவூர்சத்திரம்ங்கீக. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்ங்கீக. மார்க்கெட்ல காய்கறிக் கமிஷன் கடைங்கீக. சரி, நம்புதேன். நீங்க சொன்னதுக்காக இல்ல, சட்டையில மல்லித்தழை வாசம் அடிக்கு, அதுக்காக. இல்லைன்னா ராஜகனி அனுப்புன ஆளுன்னுதான் நெனைச்சிருப்பேன். ராஜகனி யாரா? மேலத்தெருவுல அவனும் கேபிள் டிவி நடத்துதான். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நடுவுல பிள்ளையார் கோயில். பிள்ளையார் ரெண்டு பேர்கிட்டயும் கனெக்‌ஷன் வாங்கல, அதனால நிம்மதியா இருக்காரு.

பொண்ணு எடுக்க முன்னாடி அவ வேலை பாத்த எடத்துல விசாரிக்கது நல்ல பழக்கம்தான். ஆனா விசாரிச்சா முழுசாக் கேக்கணும். உங்களுக்கு முந்தி ரெண்டு வீட்டுக்காரங்க வந்தாக. இதே மாதிரி காப்பி வந்துச்சு. நான் 'திருட்டு'ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். பாதிக் காப்பியில எந்திரிச்சுப் போயிட்டாக. அந்தச் சம்பந்தம் ரெண்டும் அதோட நின்னு போச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தம்தான். என்னத்தத் திருடுனான்னு கேட்டுட்டாவது போயிருக்கலாம்லா?

பணமா? ச்சீ. நகையா? அந்தப் புள்ள அப்படிப்பட்டது இல்ல அண்ணாச்சி. அலை. வேவ்ஸ். சாட்டிலைட்ல இருந்து நம்ம மாடிக்கு வாற அலையில சரிபாதி.

சிரிக்காதீக. சொல்லுதேன்.

நான் பகல்ல ரேடியோ கடையில சால்டரிங் பிடிச்சிக்கிட்டே, சாயந்தரம் பஸ் ஏறித் திருநெல்வேலி போய், மாலை வகுப்புல டிப்ளமா முடிச்சவன். பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சேன். பகல்ல படிக்கவனுக்கு மறந்து போகும், நின்னுக்கிட்டே படிச்சவனுக்கு மறக்காது. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு, மேல இருக்க சாட்டிலைட்ல இருந்து நம்ம குடைக்கு அலை எவ்வளவு பலத்தோட வந்து சேரும்ங்கிற கணக்கு. டிஷ்ஷைத்தான் குடைங்கேன்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல நிக்கு அது. அங்க இருந்து அனுப்புற பவர் என்னன்னு நெனைக்கீக? ஒரு டியூப்லைட் எரியுற அளவு. அதுவும் இந்தியா பூராவுக்கும் சேத்து. அது விரிஞ்சு, விரிஞ்சு, நம்ம ஊரு சுரண்டைக்கு வந்து சேரும்போது என்ன மிஞ்சும்? ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஒண்ணுமில்லாததுக்கும் ஒரு அளவு இருக்குலா? அதுதான் கணக்கு. அனுப்புன பவரை எடுத்துக்கோ. வழியில விரிஞ்சு போறதைக் கழி. நம்ம குடை எவ்வளவு அள்ளுமோ அதைக் கூட்டு. உச்சியில ஒரு மூக்கு இருக்கு, அள்ளுனதெல்லாம் அதுலதான் போய்ச் சேரும், அது பெருக்கிக் குடுக்கதைக் கூட்டு. வயர்ல சாகுறதைக் கழி. கடைசியில நம்ம குடைக்கு மைனஸ் முப்பது வரணும். மீட்டர் வச்சுப் பாத்தா மைனஸ் முப்பதே காட்டுச்சு. கணக்கும் மீட்டரும் அப்படியே ஒட்டி நிக்கும் அண்ணாச்சி, புதுசாக் கட்டிக்கிட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி.

அது எங்க கெட்டுச்சுன்னு கேளுங்க. ஆடி மாசம் ராஜகனி அவன் மாடியில என்னோடதைவிடப் பெரிய குடை ஒண்ணு தூக்கி வச்சான். வச்சிட்டுச் சும்மா இருந்தானா? ஒரு நாள் என் வீட்டு முன்னாடி நின்னு அண்ணாந்து பாத்து, "என்ன இருந்தாலும் உன் குடையில வாற தெளிவு தனிதான் வே"ன்னான். சிரிச்சுக்கிட்டே சொல்லுதான். ஏசுறவன நம்பலாம், இவன் பாராட்டுதான்.

அன்னைக்கே போய், நல்லா முத்தின வெள்ளைப் பூசணிக்காயா ஒண்ணு வாங்கி, கண்ணு மூக்கு மீசையெல்லாம் வரைஞ்சு, ஆடி அமாவாசை அன்னைக்கு ஏணி போட்டு ஏறிக் கட்டிப்புட்டேன். வாசல்ல இல்ல, வாசல்ல எவன் கண்ணு வைக்கான்? குடையில கட்டினேன். நம்ம ஊர்ல குடை கிட்டத்தட்ட வானத்தைப் பாத்து மல்லாக்கக் கெடக்கும், சோத்துத் தட்டு மாதிரி. அதுல இருந்து மூணு கம்பி எந்திரிச்சு, நட்ட நடுவுல உச்சியில அந்த மூக்கு, குடையைப் பாத்துக் குனிஞ்சிருக்கும். உயிர்நாடி அதுதான. அதுக்கு நேர் கீழ தொங்கவிட்டேன். பாக்குறவன் கண்ணு மொதல்ல பூசணிக்காய்லதான் விழணும், அதைத் தாண்டி மூக்குக்குப் போகக் கூடாது.

நான் கட்டுனது நல்லதாப் போச்சு. ஏன்னா அன்னைக்கே தொடங்கிருச்சு. படம் கட்டம் கட்டமா ஒடையுது. நாடகத்துல மாமியா அழுதா, மூஞ்சி பாதியில நின்னு போகுது, அழுகை மட்டும் வருது. ஊர்ப் பொம்பளைக பூராவும் என்னை ஏசுதாக. மீட்டரை வச்சுப் பாத்தேன். மைனஸ் முப்பத்துமூணு.

மூணுதான் கூடன்னு நெனைக்காதீக. மைனஸ்லா. கெணத்துல தண்ணி கீழ போற மாதிரின்னு வச்சிக்கோங்க, எண்ணு கூடக்கூட நமக்கு நட்டம். அதுலயும் இந்த டெசிபல் கணக்குல மூணு போச்சுன்னா சரிபாதி போச்சுன்னு அர்த்தம். பாதி!

மொதல்ல நான் யாரையும் சந்தேகப்படல. கணக்கை மறுபடி போட்டேன். மறுபடியும் மைனஸ் முப்பது. வயரை மாத்துனேன். மூக்கையே புதுசா மாத்துனேன், பூசணிக்காயை அலுங்காமக் கழட்டிப் பக்கத்துல வச்சிட்டு, மாத்துன கையோட அதே எடத்துல கட்டிட்டேன். அப்பவும் முப்பத்துமூணு. பக்கத்து வீட்டு முருங்கை மரம் ஒரு கொப்பு இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பச்சை மரத்துல தண்ணி ஓடுதுலா, தண்ணி இருந்தா இந்த அலையக் குடிச்சிரும். அதுக்காகச் சண்டை போட்டு வெட்ட வச்சேன். இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல. மீட்டர் அசையல.

தென்காசியில இருந்து டிஷ் விக்குற ஆளு ஒருத்தனை வரச் சொன்னேன். அவன் குடையைக்கூடச் சரியாப் பாக்கல. "உங்க கணக்கு தப்பா இருக்கும் அண்ணாச்சி, புதுக் குடை போட்டுருங்க"ன்னான். அப்ப உலகம்மா அந்தச் சேர்ல இருந்து எந்திரிச்சா. அதுவரைக்கும் சத்தமாப் பேசி நான் பாத்ததில்ல. "அண்ணன் கணக்கு தப்பாது. நானும் போட்டுப் பாத்துட்டேன். நீங்க போயிட்டு வாங்க"ன்னா. அந்த ஆளு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான்.

அவளும் டிப்ளமாதான், பகல் காலேஜ். ரெண்டு வருசம் எங்கிட்ட இருந்தா. என் கணக்கை முழுசா ஒக்காந்து கேட்ட ஒரே ஆளு அவதான். என் வீட்டுக்காரி மைனஸ் வரைக்கும் கேப்பா, அதுக்குள்ள அடுப்புல எதாவது பொங்கிரும்.

அன்னைக்குச் சாயந்தரம் எங்கிட்ட வந்து மெதுவாச் சொல்லுதா: "அண்ணே, கணக்கு சரி. கணக்கு சரியா இருக்கதாலதான் சொல்லுதேன். நடுவுல எதுவோ நிக்கு. அந்தப் பூசணிக்காயக் கழட்டிட்டு ஒரு தடவ மீட்டரப் பாருங்களேன்."

எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுல களவு போயிருக்கு, கூட இருக்க ஆளு வந்து நாயக் கட்டிப் போடுங்கன்னு சொன்னா என்ன நெனைப்பீக? அதுவரைக்கும் என் மனசுல அவ மேல ஒரு துளி இல்ல அண்ணாச்சி. அன்னைக்குத்தான் விழுந்துச்சு.

அப்புறம் பாத்தா எல்லாம் சந்தேகமாத்தான் இருக்கு. ராஜகனி கடை வழியாத்தான் வேலைக்கு வாரா. வேற வழி இல்லைங்கீகளா? இருக்கு, வாய்க்கா வழியா சுத்தி வரலாம், கொஞ்சம் சேறா இருக்கும். ஒரு நாள் ராஜகனி பொண்டாட்டி அவகிட்டப் பேசிச் சிரிச்சதை நானே கண்ணால பாத்தேன். என்ன பேசுனன்னு கேட்டா, "பூ என்ன வெலைன்னு கேட்டாகண்ணே"ங்கா. பூ வெலையில சிரிக்க என்ன இருக்கு?

நேரடியாவே கேட்டேன். "உலகு, ராஜகனி பெரிய குடையப் போட்டு நம்ம அலைய உறியுதானா?"ன்னு. அவ சிரிச்சிட்டா. "அண்ணே, அலை மழை மாதிரில்லா. பக்கத்து வீட்டுக்காரன் அண்டாவைத் தூக்கி வச்சா நம்ம குடத்துல குறையுமா?"ன்னா. நான் விடுவனா? "தெருக்குழாயில ஒருத்தன் மோட்டார் போட்டா அடுத்த வீட்டுக் குழாயில காத்துத்தான வருது?"ன்னேன். திரும்பிப் போய் அந்தச் சேர்ல உக்காந்துட்டா. பதில் இருந்தா சொல்லியிருப்பாள்ல?

இந்தா, காப்பி வந்துருச்சு. குடிங்க. சீனி பத்தலைன்னா சொல்லுங்க. நீங்க முழுசாக் குடிச்சிட்டுத்தான் போகணும்.

இப்பதான் முக்கியமான எடம். ஒரு நாள் மத்தியானம் நான் இங்கன மீட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன். முப்பத்துமூணுல கெடந்த மீட்டர் சட்டுனு முப்பதுக்கு வந்து நிக்கு. டிவியில படம் பளிங்கு மாதிரி இருக்கு. எனக்குச் சந்தோசம் வரல அண்ணாச்சி, பயம்தான் வந்துச்சு. காரணம் தெரியாம கெட்டது நடந்தாக்கூடப் பரவாயில்ல, நல்லது நடந்தா விடக் கூடாது. திரும்பிப் பாத்தா அந்தச் சேர்ல ஆளு இல்ல.

செருப்பைக் கழட்டிட்டு மாடிப்படி ஏறுனேன். உச்சி வெயில். உலகம்மா துணி காயப் போடுற கம்பை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சு, பூசணிக்காயை ஒரு ஓரமாத் தள்ளிப் பிடிச்சிருக்கா. வேர்த்து வழியுது. என்னைப் பாத்ததும் அவ மூஞ்சியப் பாக்கணுமே. "அண்ணே! முப்பது காட்டுதா? காட்டுதுல்ல? உங்க கணக்கு ஜெயிச்சிருச்சுண்ணே!"ங்கா.

கம்பை எடுன்னேன். எடுத்தா. கீழ பகவதி டிவியப் பாத்துட்டு, "ஏங்க, போயிருச்சு!"ன்னு கத்துதா. மறுபடி தள்ளுன்னேன். தள்ளுனா. "வந்துருச்சு!"ங்கா பகவதி. வேணும்னா வருது, வேண்டாம்னா போகுது, எல்லாம் அவ கையில இருக்கு! இத்தனை நாள் ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தச் சேர்ல உக்காந்திருந்தாளே. ஒரு கள்ளனை நாம எப்படிப் பிடிப்போம்? எங்க மறைச்சு வச்சானோ அதை அவன் கையாலயே எடுத்துக் காட்டுனா பிடிச்சிருவோம்லா? இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேணுமா?

"நாளையில இருந்து வர வேண்டாம் உலகு"ன்னேன். சத்தம் போடல. நான் யாரையும் சத்தம் போட்டு ஏசுனதில்ல. அவ கம்பை அப்படியே செவத்துல சாய்ச்சு வச்சா. "எதுக்குண்ணே?"ன்னா. "நீயே யோசிச்சுப் பாரு"ன்னேன். அவ என்னத்த யோசிச்சாளோ, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கிட்டுப் படி எறங்கிப் போயிட்டா.

இருங்க, நான் உங்களை ஒண்ணு கேக்கணும். அவ வீட்டுல வேலையை எதுக்கு விட்டான்னு சொன்னாக? "அங்க சரிப்பட்டு வரல"ன்னு மட்டுமா? என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா? ஏசலையா? ஒரு வார்த்தைகூடவா? "அண்ணன்கிட்டத்தான் கணக்குப் படிச்சேன்"னா? அவளா சொன்னா? அதுதான் அண்ணாச்சி எனக்கு ஒதைக்கு. தப்பு செய்யாத ஆளுன்னா என்னை நாறக் கிழிச்சிருக்கணும்லா? நானா இருந்தா கிழிச்சிருப்பேன். ஏன் பேசாம இருக்கா?

சரி, அப்புறம் நடந்ததைக் கேளுங்க, அப்பத்தான் உங்களுக்கே வெளங்கும். அவ போன பிறகு மீட்டர் கொஞ்சம் கொஞ்சமா முப்பதைப் பாத்து ஏறுச்சு. தெனமும் பாத்தேன். பூசணிக்காய் வெயில்ல காய்ஞ்சு சுருங்கிக்கிட்டே வருது, இந்தப் பக்கம் மீட்டர் ஏறிக்கிட்டே வருது. அவ்வளவு கண்ணையும் அந்தக் காயி வாங்கிக்கிட்டுத் தன்னைத் தின்னக் குடுத்திருக்கு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அடுத்த அமாவாசைக்குப் புதுசா, இன்னும் பெருசா ஒண்ணு கட்டுனேன். அன்னைக்கே மறுபடியும் விழுந்துச்சு! அப்ப ஆளு யாருன்னு பாருங்க. அமாவாசை அமாவாசைக்கு உலகம்மா எங்க தெரு அம்மன் கோயிலுக்கு வாரா. வாறது அமாவாசை, விழுறது அமாவாசை. அவ போன பிறகு பைய ஏறுது. மாசாமாசம் இதே கதைதான். நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுறவன் இல்ல, கணக்குப் பாத்துத்தான் பேசுவேன். ஆனா கோயிலுக்கு வராதன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வருவா, கும்பிடுவா, எங்க மாடியை ஒரு தடவ அண்ணாந்து பாப்பா, தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருவா. இன்னைக்கும் அமாவாசைதான. நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் புதுசு கட்டுனேன்.

என்ன கேக்கீக? காயி எத்தனை கிலோவா? எட்டு இருக்கும். பத்துக்கு ஆசைப்பட்டேன், கம்பி தாங்காதுன்னு விட்டுட்டேன். எதுக்கு அதைக் கேக்கீக? உங்க கடைச் சரக்கு இல்ல, நான் தென்காசியில வாங்குறேன். தண்ணியா? பூசணிக்காயில தண்ணி இல்லாம பாலா இருக்கும்? பத்துக்கு ஒம்பது பங்கு தண்ணியா, சரி, அது உங்க தொழிலு, உங்களுக்குத் தெரியும். நான் அலையைப் பத்திப் பேசுதேன், நீங்க காய்கறியிலயே நிக்கீக. ஆமா, நேர் கீழதான். ஆமா, அள்ளுன அலை மேல ஏறி மூக்குக்குப் போற பாதையிலதான். உயிர்நாடின்னு சொன்னேன்லா. முருங்கைக் கொப்பை எதுக்கு வெட்டுனேனா? அதான் சொன்னேனே, பச்சை மரம், தண்ணி, அலையைக் குடிச்சிரும்னு. ரெண்டையும் எதுக்குச் சேத்துக் கேக்கீக?

எதுக்குச் சிரிக்கீக அண்ணாச்சி? காப்பியக் கீழ வைங்க, பொரை ஏறிரும்.

இங்க பாருங்க, உங்க வீட்டுப் பையன் வாழ்க்கை. எனக்கு ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்லிட்டேன், அவ்வளவுதான். சமையல் தெரியுமா, பெரியவங்கள மதிப்பாளான்னு கேட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு ஆமான்னுதான் சொல்லுவேன். வேலையை விட்டு நிப்பாட்டுன ஆளைக்கூட வெளியில விட்டுக் குடுக்க மாட்டா. தெரிஞ்சதை மறைக்க மாட்டா, மூஞ்சிக்கு நேரா சொல்லிருவா. நீங்க நம்பலைன்னா வெயில்ல நின்னாவது காட்டுவா. இதெல்லாம் நல்ல கொணம்தான், யாரு இல்லைன்னா? நான் சொல்லுறது அலையப் பத்தி மட்டும்.

யாருக்குப் போன் போடுதீக? அக்காவுக்கா? மாப்பிள்ளையோட அம்மாவா? சொல்லுங்க, சொல்லுங்க, நடந்ததை அப்படியே சொல்லுங்க. நான் எதையும் கூட்டிக் குறைச்சுச் சொல்லல.

"பேசி முடிச்சிரு"ங்கீகளா? என்னத்த? இந்த இடத்தையா? "விசாரிச்சதுல இதைவிட நல்ல பேச்சு எங்கயும் கெடைக்கல"யா? யாருகிட்ட விசாரிச்சீக? நான் சொன்னதைக் கேட்டுட்டா இப்படிச் சொல்லுதீக? அண்ணாச்சி, போனை வைங்க. வைங்க ஒரு நிமிசம். நான் சொன்னதுல எதை எடுத்துக்கிட்டீக நீங்க? திரும்பவும் மொதல்ல இருந்து சொல்லவா? மைனஸ் முப்பது வரணும்...

மாடிக்கா? நீங்க எதுக்கு எங்க மாடிக்கு வரணும்? கம்பு எங்க இருக்குன்னு எதுக்குக் கேக்கீக?

நெசத்தைச் சொல்லுங்க. நீங்க மார்க்கெட்காரர்தானா? மல்லித்தழை எந்தக் கடையிலயும் கெடைக்கும், பத்து ரூவாய்க்கு வாங்கிச் சட்டைப் பையில வச்சிக்கிட்டு வந்திரலாம். ராஜகனி உங்களுக்கு என்ன வேணும்?

என்னது பகவதி? கட்டம் கட்டமா ஒடையுதா? எந்தச் சேனலு? எல்லாமேவா? தெருவுல பொம்பளைக வந்து நிக்காகளா? வாரேன், வாரேன், கத்தாத. ஏணியை எடுத்து மாடியில குடைகிட்டச் சாத்து.

நீங்க உக்காருங்க அண்ணாச்சி, நான் மேல போயிட்டு வந்திருதேன். மீதிக் காப்பியக் குடிங்க. வேணும்னா அந்தச் சேர்லயே உக்காந்துக்கோங்க, பரவாயில்ல. ஆனா மாடிப்படியில மட்டும் கால வச்சிராதீக.